முடிந்துபோகாத ஜூன் மாதம்

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் தற்காலிகம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு 'தற்காலிகம்' என்று எழுதியிருந்ததால், முழுதாகப் படிக்கச் சோம்பல்பட்ட உலகம் அடைப்புக்குறிக்குள் இருந்ததை மட்டும் படித்தது. இப்படியே பதினோரு வருடம் ஓடிவிட்டது. மேஜைகள் மாறின, மின்விசிறி மாறியது, மேனேஜர்கள் மூன்று பேர் வந்து போனார்கள். அந்த அலுவலகத்தில் அசையாமல் நிலைத்து நின்ற ஒரே பொருள் தற்காலிகம்தான்.

எடைக்கருவி செய்து விற்கும் கம்பெனி ஒன்றின் கிளை அது. கீழே டயர் கடை, மேலே கிளை. படியேறும்போதே ரப்பர் வாடை மூக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். சாயங்காலம் வீட்டுக் கதவைத் தட்டினால், உள்ளேயிருந்து மனைவி, "டயர் வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டே தாழ்ப்பாளைத் திறப்பாள். கீழே சக்கரத்தில் காற்றை இறக்கும் போதெல்லாம் மேலே நீண்ட பெருமூச்சு ஒன்று கேட்கும். புதிதாக வருகிறவர்கள் அதைத் தற்காலிகம் விட்டதாகவே நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும்.

வருடத்துக்கு ஒருமுறை அவருடைய வேலையை நீட்டித்து மேனேஜர் கையெழுத்துப் போடுவார். போடுவதற்கு முன் பேனாவை அந்தரத்தில் நிறுத்தி ஞானம் பேசுவது வழக்கம்.

"உலகத்துல எதுப்பா நிரந்தரம்? நானே நிரந்தரமா, சொல்லு?"

"நீங்க நிரந்தரம்தான் சார்."

"அது உத்தியோகத்துல. நான் சொல்றது வாழ்க்கையில."

வாழ்க்கையில் நிரந்தரம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை, உத்தியோகத்தில் கிடைத்தால் போதும் என்றுதான் தற்காலிகம் பதினோரு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தார். காரணம் அவருடைய முட்டி அல்ல, அவர் மனைவியின் முட்டி. அவள் ஒரு நகலெடுக்கும் கடையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை இயந்திரத்தின் முன் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். ஊரார் சான்றிதழ்களையெல்லாம் இரண்டாக்கி, நான்காக்கிக் கொடுத்தவளுக்குச் சொந்த முட்டி ஒன்று தேய்ந்து அரையாகியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்தால் நடப்பாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிரந்தரப் பணியாளரின் குடும்பத்துக்குக் கம்பெனி வைத்திய அட்டை கொடுக்கும். தற்காலிகத்தின் குடும்பத்துக்கு மேனேஜரின் ஞானம் மட்டும்தான்.

அவர் சேர்ந்து ஒன்பது வருடம் ஆனபோதுதான் கிளைக்கு இண்டர்நெட் வந்தது.

ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மோடமும் பெட்டியில் வந்து இறங்கின. யார் பொறுப்பேற்பது என்று மேனேஜர் தலைமையில் ஆலோசனை நடந்தது. மேனேஜருக்கு மேற்பார்வை வேலை இருந்தது. அக்கவுண்டண்ட் அக்காவுக்குக் கண்ணெரிச்சல் இருந்தது. தற்காலிகத்தின் மேஜைக்குப் பக்கத்தில் பிளக் பாயிண்ட் இருந்தது. மனித விதி எங்கெங்கோ எழுதப்படுகிறது என்பார்கள். அவருடையது சுவரில் முழங்கால் உயரத்தில், மூன்று ஓட்டையாக இருந்திருக்கிறது.

மோடம் இணையும்போது முதலில் யாரோ தொண்டையைச் செருமுவது போலவும், பிறகு இரண்டு தகர டப்பாக்கள் பங்காளிச் சண்டை போடுவது போலவும் சத்தம் வரும். முதல் நாள் அக்கா எழுந்து நின்றுவிட்டாள்.

"தம்பி, அதுக்கு ஏதோ வலிக்குது போல."

"இல்லக்கா, பேசிக்குது."

"இப்படிப் பேசிக்கிட்டா உருப்படுமா?"

தொலைபேசிக்கும் மோடத்துக்கும் சேர்த்து ஒரே லைன். அக்கா தங்கையிடம் பேச ரிசீவரைத் தூக்கினால் இண்டர்நெட் செத்துவிடும். அறுந்தால் தானாகவே திரும்பத் திரும்ப எண்ணைச் சுழற்றும் புரோகிராம் ஒன்றைத் தற்காலிகம் போட்டு வைத்தார். அதற்குப் பிறகு அக்கா ரிசீவரை எடுத்தபோதெல்லாம் தங்கைக்குப் பதிலாக அந்தத் தகர டப்பாக்களே காதில் பேசின.

இந்த மாதிரிப் புரோகிராம்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பத்திரிகையின் அட்டையில் ஒட்டி வரும் இலவச சிடியில் கிடைத்தன. பெரிய ஃபைலை ஐந்து துண்டாக வெட்டி, ஐந்து பச்சைக் கோடுகளை ஓடவிட்டு, ஒரே துண்டாக வந்திருந்தால் ஆகியிருக்கும் அதே நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும் ஒன்று. ஃபைல்களைப் பிழிந்து சுருக்கும் இன்னொன்று. கம்ப்யூட்டரின் ஞாபகசக்தியை இரட்டிப்பாக்குவதாகச் சத்தியம் செய்த மூன்றாவது ஒன்று, தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து மூலையில் உட்கார்ந்திருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மெயில் புரோகிராம். கடிதம் கிளம்பினால் குட்டி உறை ஒன்று திரையில் சிறகடித்துப் பறக்கும். அதைப் பார்ப்பதற்காகவே மேனேஜர் தலைமையகத்துக்கு அடிக்கடி மெயில் போட்டார்.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் இருந்தது. திறந்ததும் ஒரு பெட்டி வரும்: 'நீங்கள் சோதனைப் பிரதியைப் பயன்படுத்துகிறீர்கள். முப்பது நாள் மட்டும்.' தற்காலிகம் அதை முதன்முதலில் படித்தபோது, வெளியூர்ச் சந்தையில் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருந்தது அவருக்கு.

முப்பது நாள் முடிந்ததும் ஒவ்வொன்றும் சுயரூபம் காட்டியது. பிழியும் புரோகிராம் மட்டும், 'காலம் முடிந்துவிட்டது, இருந்தாலும் செய்கிறேன்' என்று தினமும் முனகிவிட்டு வேலையைச் செய்தது. மெயில் புரோகிராம் மானஸ்தன். வாங்கினால்தான் ஆச்சு என்று கதவைச் சாத்திக்கொண்டது. தற்காலிகம் மேனேஜரிடம் போய் நின்றார்.

"வாங்கணுமா? எதுக்கு? நேத்து வரைக்கும் ஓடிச்சே."

"நேத்தோட நாள் முடிஞ்சிடுச்சு சார்."

"அப்ப நேத்துக்கே போ."

மேனேஜர் எரிச்சலில் சொன்னது. ஆனால் மேலதிகாரி சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்து பழகிய ஒன்பது வருடப் பணிவு சும்மா இருக்குமா? தற்காலிகம் திரையின் மூலையில் இருந்த கடிகாரத்தைத் திறந்து, தேதியை ஜூன் ஒன்றுக்குத் திருப்பி வைத்தார். மெயில் புரோகிராம் ஒன்றும் நடக்காத மாதிரி சிரித்துக்கொண்டே திறந்தது, 'முப்பது நாள் மட்டும்' என்றபடி.

அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஜூன் மாதம் முடியவே இல்லை. மாசக்கடைசி வந்ததும் தற்காலிகம் அதைக் காதைப் பிடித்துத் திருப்பி ஒன்றாம் தேதியில் உட்கார வைத்துவிடுவார். வெளியே மழைக்காலம் வந்தது, போனது. டயர் கடைக்காரருக்கு நரை விழுந்தது. மனைவியின் முட்டி முதலில் படியேறும்போது வலித்தது, பிறகு இறங்கும்போது, பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதும். பெட்டிக்குள் மட்டும் அதே ஜூன். பில்களில் தேதியைக் கையால் அடித்ததால் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டு வருடம் இப்படிப் போயிற்று.

இதற்கிடையில் உறவு வட்டாரத்தில் அவர் கம்ப்யூட்டர் நிபுணர் என்று செய்தி பரவி, ஞாயிற்றுக்கிழமைகள் பறிபோயின. மச்சினன் ஒருத்தன் வலையில் இலவசம் என்று எழுதியிருந்த எதையும் விட்டவனில்லை. அவனுடைய திரையில் பட்டைக்கு மேல் பட்டையாகப் பதினைந்து கருவிப்பட்டைகள் ஏறி, பார்க்கவேண்டிய பக்கம் அஞ்சல்தலை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது.

"என்ன மாமா, இண்டர்நெட் சின்னதாயிடுச்சு?"

"இண்டர்நெட் அப்படியேதான் இருக்கு மாப்ளே. உன் ஆசைதான் பெரிசாயிடுச்சு."

அதைக் கேட்டு, கூட வந்திருந்த மனைவி சமையலறையிலிருந்து சொன்னாள்: "என் தம்பியச் சொல்றதுக்கு முன்னாடி, ஓசியில வேலை பாக்கறத நீங்க நிறுத்துங்க."

அப்படி இருக்கும்போது தலைமையகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பத்து வருடம் முடித்த தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரம் ஆக்கப்படுவார்கள். மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கம்பெனி நவீனமாகிவிட்டபடியால், கிளையின் முகவரியிலிருந்து மெயிலில் மட்டும். காகிதம் ஏற்கப்படாது.

தற்காலிகம் அன்றே அனுப்பினார். உறை சிறகடித்துப் பறந்தது. அக்கா ரிசீவரைத் தூக்கியதில் பாதி வழியில் விழுந்தது. மறுபடி பறந்தது. மேனேஜரும் வந்து நின்று கைதட்டினார். அன்று ராத்திரி மனைவி முட்டிக்குத் தைலம் தேய்க்கும்போது, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கோ" என்று முட்டியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

பதில் வரவில்லை. வேறு கிளைகளில் இருந்தவர்களுக்கெல்லாம் 'கிடைத்தது' என்று மெயில் வந்துவிட்டதாகக் கேள்வி. மறுபடி அனுப்பினார். மறுபடி. தொலைபேசியில் கேட்டால், "எதுவா இருந்தாலும் மெயில்ல போடுங்க" என்றார்கள். மெயிலில் போட்டால் கிணற்றில் போட்ட கல்.

"மேலிடம் அமைதியா இருந்தா நல்லதுன்னு அர்த்தம்ப்பா," என்றார் மேனேஜர். "ரெண்டு வருஷமா என் ரிப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி வந்திருக்கா? அவ்வளவு திருப்தி."

கடைசித் தேதிக்கு முதல் நாள் தற்காலிகம் விடுப்புப் போட்டுவிட்டுத் தலைமையகத்துக்குப் பஸ் ஏறினார். மனைவியும் கூட வந்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்.

"நீங்க தனியாப் போனா 'சரி சார்'னு சொல்லிட்டு வந்துடுவீங்க," என்று ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வலிக்கிற காலை நீட்டி வைத்துக்கொண்டாள்.

தலைமையகத்தில் மெயில் பார்ப்பதற்கென்று ஒரு பெண் இருந்தாள். சுறுசுறுப்பானவள். திரையில் மெயில்கள் வரிசையாக இருந்தன, தேதி புதியது மேலே, பழையது கீழே.

"நான் மேல வர்றத மட்டும்தான் சார் பாப்பேன். தினம் நூத்துக்கணக்குல வருது. உங்க கிளைலேருந்து எதுவும் வந்ததே இல்லையே? நான் இங்க சேர்ந்ததுலேருந்து பாக்கல."

"தினம் அனுப்பறோமேம்மா."

அவள் மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். மெயில்கள் மேலே மேலே ஓடின. போன மாதம், போன வருடம், அதற்கும் முந்தின வருடம். கடைசியில், ஆற்றின் அடியில் படிந்த சேறு மாதிரி, ஒரே இடத்தில் கறுப்பாக ஒரு குவியல் கிடந்தது. ஒன்றைக்கூட யாரும் திறக்கவில்லை. மேனேஜரின் இரண்டு வருட ரிப்போர்ட்டுகள். மின்விசிறி கேட்டு எழுதியது. டைரக்டருக்கு அவர் அனுப்பிய பிறந்தநாள் வாழ்த்து, இரண்டு. எல்லாவற்றுக்கும் நடுவே தற்காலிகத்தின் விண்ணப்பங்கள். எல்லாம் ஜூன்.

"உங்க கம்ப்யூட்டர்ல தேதி தப்பா இருக்கா சார்?"

தற்காலிகத்துக்குக் காது மடல் சூடாகியது. "கொஞ்சம்."

"கொஞ்சம்னா?"

"ரெண்டு வருஷம்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்துகொண்டாள்.

பணியாளர் பிரிவு அதிகாரி மிகவும் இனிமையானவர். இனிமையாகவே மறுத்தார்.

"விண்ணப்பம் வந்திருக்கு. கடைசித் தேதிக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கு. அறிவிப்புக்கும் முன்னாடியே வந்திருக்கு. அதுல எனக்கு ஆட்சேபம் இல்ல. முன்னாடியே போடக் கூடாதுன்னு விதி கிடையாது."

"அப்ப சரிங்களா சார்?"

"ஆனா விண்ணப்பத் தேதியில பத்து வருஷம் முடிஞ்சிருக்கணும். அந்தத் தேதியில உங்களுக்கு ஒன்பதுதான் ஆகுது."

"இன்னிக்குப் பதினொண்ணு சார். எதிர்லதான நிக்கறேன்."

"நீங்க நிக்கற தேதி வேற. மெயில் நிக்கற தேதி வேற. ஃபைலுக்கு மெயில்தான் கணக்கு. நாளைக்குள்ள சரியான தேதியில ஒண்ணு அனுப்பிடுங்க. உங்க கிளைலேருந்துதான் வரணும்."

தன் கையே தன் கண்ணைக் குத்தும் என்பது பழமொழி. இரண்டு வருடமாக மாதம் தவறாமல், பதிவேட்டில் கையெழுத்துப் போடும் ஒழுங்கோடு குத்திக்கொண்டவர் தற்காலிகம் ஒருவர்தான். திரும்பும் பஸ்ஸில் மனைவி முட்டியைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"இந்த முட்டிக்கும் அப்படித் திருப்பி வெக்க ஏதாவது இருந்தா சொல்லுங்க."

மறுநாள் காலை அலுவலகத்தில் விஷயத்தைக் கேட்டு மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார்.

"நான் அனுப்பின ஒண்ணு கூடப் படிக்கலையா?"

"ஒண்ணு கூட இல்ல சார்."

கீழே யாரோ டயரிலிருந்து காற்றை இறக்கினார்கள்.

"அப்ப எனக்கு ரெண்டு வருஷமும் சிறந்த கிளைன்னு கேடயம் குடுத்தாங்களே?"

"புகாரே வராத கிளைன்னு குடுத்தாங்களாம் சார்."

மேனேஜர் சுவரில் மாட்டியிருந்த கேடயங்களைப் பார்த்தார். முகத்தில் துக்கம் வந்து, மெல்ல மெல்ல வேறு ஒரு வெளிச்சமாக மாறியது. "தேதிய மாத்தாதேப்பா," என்றார் குரலைத் தாழ்த்தி. "நல்லாத்தானே போய்ட்டிருக்கு? யாரும் படிக்கல, யாரும் கேக்கல. மாத்தினா நாளைலேருந்து ஒவ்வொண்ணையும் படிப்பான். உன் விஷயம் அடுத்த தடவை பாத்துக்கலாம். உலகத்துல எதுதான்..."

"சார்," என்றார் தற்காலிகம். மேனேஜரின் பேச்சை அவர் நடுவில் வெட்டியது அதுதான் முதல் தடவை. அக்கா கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். "என் சம்சாரம் நேத்து பஸ்ஸுலேருந்து இறங்கும்போது கண்டக்டர் தூக்கி இறக்கினார் சார். அடுத்த ஜூன் வரைக்கும் அவளால நிக்க முடியாது. இந்தப் பெட்டியில வேணும்னா ஜூன் திரும்பத் திரும்ப வரும்."

மேனேஜர் பேனாவை அந்தரத்தில் பிடித்தபடியே இருந்தார். பிறகு ஞானத்தையும் உள்ளே வைத்து அதை மூடினார்.

தற்காலிகம் உட்கார்ந்து தேதியை நிகழ்காலத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வளவுதான். இரண்டு வருடம் ஒத்திப்போட்ட சாவெல்லாம் ஒரே நிமிடத்தில் வந்து வாசலில் நின்றது. சுழற்றும் புரோகிராம் போயிற்று. ஐந்து பச்சைக் கோடுகள் அணைந்தன. ஞாபகசக்தியை இரட்டிப்பாக்குவது இறந்தது. அது உயிரோடு இருந்தபோது என்ன செய்தது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. மெயில் புரோகிராம் கதவைச் சாத்தியது. பிழியும் புரோகிராம் மட்டும், 'காலம் முடிந்துவிட்டது, இருந்தாலும் செய்கிறேன்' என்று முனகியது.

"இப்ப எதுல அனுப்புவே?" என்றார் மேனேஜர், கொஞ்சம் நம்பிக்கையோடு.

தற்காலிகம் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிரிக்காத சிடிகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒவ்வொரு மாதமும் பத்திரிகையோடு வந்தவை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு மெயில் புரோகிராம், வேறு வேறு முப்பது நாள். இது அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். ஆனால் புதுப் புரோகிராமுக்குப் புதுப் பொத்தான்கள், புது மெனு, எது எங்கே என்று மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். களைத்துப்போன மனுஷனுக்குப் புதிதாக ஒன்றைக் கற்பதைவிடக் காலத்தையே திருப்பி வைப்பது சுலபமாக இருந்திருக்கிறது.

ஒன்றைப் பிரித்துப் போட்டார். அக்கா இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு, ரிசீவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். தங்கையின் பேரக்குழந்தைக்கு அன்று பல் முளைத்திருந்தது; இருந்தும் தொடவில்லை. தகர டப்பாக்கள் சண்டை போட்டு ஓய்ந்தன. இந்தப் புரோகிராமில் உறை பறக்கவில்லை. 'அனுப்பப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. மத்தியானம் 'கிடைத்தது' என்று பதில் வந்தது, அன்றைய தேதியோடு.

மேனேஜர் அதைக் குனிந்து படித்துவிட்டு, "இந்த மாச ரிப்போர்ட்ட இன்னும் அனுப்பலையே? குடு, நான் ஒரு தடவை படிச்சுப் பாக்கறேன்," என்றார். இரண்டு வருடத்தில் அதை எழுதியவரே படிப்பது அன்றைக்குத்தான்.

உத்தரவு சில வாரம் கழித்து வந்தது. அவர் நிரந்தரமாக்கப்பட்டிருந்தார், ஆறு மாதச் சோதனைக் காலத்துக்கு உட்பட்டு. அக்கா வாழ்த்துச் சொன்னாள்: "ரொம்ப சந்தோஷம் தற்காலிகம்." நாக்கைக் கடித்துக்கொண்டு, "வேற பேரு வாயில வர மாட்டேங்குது தம்பி," என்றாள்.

வீட்டில் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சோதனைக் காலத்துல வைத்திய அட்டை உண்டா?"

"உண்டு. வந்துடுச்சு."

"அப்பறம் என்ன? சோதனை நமக்குப் புதுசா?"

ஆஸ்பத்திரியில் சேரும் அன்று, பதிவு செய்யும் இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"சார், இந்த அட்டை இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே. அடுத்த வருஷத்துலேருந்துதான் செல்லும்னு காட்டுது."

மனைவி சக்கர நாற்காலியில் இருந்தபடியே கணவரை நிமிர்ந்து பார்த்தாள். தற்காலிகம் கண்ணாடியில் நெற்றி படும்படி குனிந்து, திரையின் வலது மூலையை உற்றுப் பார்த்தார். அங்கே போன வருடத்து ஏப்ரல் நடந்துகொண்டிருந்தது. டயர் கடையே வெட்கப்படும்படி ஒரு பெருமூச்சு அவரிடமிருந்து வந்தது.

"அம்மா, அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சம் சரி பண்றீங்களா?"

அந்தப் பெண் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கண்ணாடி ஓட்டையருகே வாயைக் கொண்டுவந்தாள்.

"பண்ணினா இந்தப் பதிவுப் புரோகிராம் மூடிக்கும் சார், சோதனைப் பிரதி. வாங்கித் தர மாட்டேங்கறாங்க."

"மூடட்டும்மா," என்றார் தற்காலிகம். "இன்னிக்கு ஒரு நாள் கையால எழுதிக்கோங்க."

அவள் இன்னும் தயங்கினாள். அவர் மனைவியின் துணிப்பையைத் திறந்து, துண்டுக்கும் தைலப் புட்டிக்கும் நடுவே கையை விட்டுத் துழாவி, பிரிக்காத சிடி ஒன்றை எடுத்து ஓட்டை வழியாக நீட்டினார்.

"இவளை உள்ள சேத்துட்டு வாங்க. இதுல வேற பதிவுப் புரோகிராம் ஒண்ணு இருக்கு, போட்டுத் தர்றேன். முப்பது நாள் வரும்."

"என்னங்க," என்றாள் மனைவி.

"ம்?"

"ஓசியிலயா?"